மாத்திரை போட்டும் ஏன் திரும்ப வந்தது?

அண்ணனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவனுக்கு பைபோலார்: மனம் சில காலம் அளவுக்கு மீறி எழும்பும், சில காலம் துவண்டுபோகும் நோய். நான்கு வருடம் நன்றாக இருந்தவனுக்கு மறுபடி வந்தது என் கல்யாணத்தின்போது.

பத்திரிகை கொடுக்க ஊர் ஊராக அலைந்தது, சமையல்காரரிடம் பேசியது, மண்டபத்தில் விடிய விடிய நின்றது எல்லாம் அவன்தான். "அண்ணன்னா இப்படி இருக்கணும்" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். அவன் ஒரு வாரமாக ராத்திரிக்கு இரண்டு மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை, நானும்தான். மறுவீட்டுக்குப் போனபோது பாத்திரக்கடை வைக்கப் போவதாகச் சொல்லி, பழைய வேன் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தான்.

"மாத்திரையை நிறுத்தியிருப்பான்" என்றார்கள். நிறுத்தவில்லை. அட்டைகளை நானே எண்ணிப் பார்த்தேன். ரத்தத்தில் லித்தியம், அதாவது அவன் போடும் மருந்தின் அளவும் சரியாகவே இருந்தது.

மாத்திரை அவசியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஆனால் மாத்திரை மட்டும் போதும் என்று நினைத்ததுதான் எங்கள் தவறு. தூக்கம் கெட்டாலே சிலருக்கு மேனியா, அதாவது மனம் அளவுக்கு மீறி எழும்பும் நிலை, கிளம்பிவிடும். துக்கம்தான் நோயைக் கிளறும் என்று நினைத்திருந்தோம். புது வேலை, பதவி உயர்வு மாதிரி ஆசைப்பட்டது கைகூடும் நல்ல நேரமும் மேனியாவைத் தூண்டலாம் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அப்புறம் வீட்டுப் பேச்சு. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, வாடகை அறைக்கோ உடன்பிறந்தவர் வீட்டுக்கோ போனவர்கள் மேலாக இருந்தார்கள். அவர் கவனித்தவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய். 1988இல் டேவிட் மிக்லோவிட்ஸ் குழு பைபோலாரிலும் இதைக் கண்டது: ஓயாத குறை, வெறுப்பு, அளவுக்கு மீறிய கவலை இருக்கும் வீடுகளில் நோய் திரும்புவது அதிகம்.

படித்தபோது எங்கள் வீடுதான் கண்முன் வந்தது. அப்பா செலவுக் கணக்குச் சொல்வார். அம்மா ஒரு நாளைக்குப் பத்து முறை "மாத்திரை போட்டியா?" என்பார். ஒருநாள் டிவியில் ஏதோ காமெடி பார்த்து அண்ணன் சத்தமாகச் சிரித்தான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். அவன் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர் பார்த்த ராத்திரிகள் அப்படி. பயம்தான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால் சிரித்தாலே நோய் என்று பார்த்தால் மனுஷன் எப்படி வாழ்வான்?

இப்போது அவனே தன் முன்னறிகுறிகளை எழுதி வைத்திருக்கிறான். மூன்று மணிக்கு விழித்தும் சோர்வே இல்லாமல் இருப்பது, பழைய நண்பர்களுக்கு வரிசையாக மெசேஜ் போடுவது. அதைக் கண்டால் அவனிடம் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான். அவனே போட்ட விதி அது. அப்பா ஒப்புக்கொள்ள மூன்று மாதம் ஆனது. வேலையிலும் நைட் ஷிஃப்ட்டை விட்டுவிட்டான், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று.

அடுத்த மாதம் சித்தி மகன் கல்யாணம். முகூர்த்தம் அதிகாலை நாலரைக்கு. அண்ணன் முந்தின ராத்திரி வீட்டில் தூங்கிவிட்டு ஒன்பது மணிக்குத்தான் வருவான். தாலி கட்டும்போது ஏன் இல்லை என்று கேட்பவர்கள் அவனிடம் கேட்க வேண்டாம். என்னிடம் வாருங்கள், நான் சொல்கிறேன்.