பச்சை இலைப் படம் போட்டால் மக்கும் கவரா?

"பயோ என்று அச்சடித்து, பச்சை இலைப் படம் போட்ட கவருக்குத் தடை கிடையாது. மண்ணில் போட்டால் மூன்று மாதத்தில் மக்கிவிடும்." மதுரை பரோட்டா கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

இலைப் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மக்கும் கவர் என்று விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் கவரிலேயே இருக்க வேண்டும். மொத்தக் கடையில் காசு கொடுக்கும் முன் அதைத் தேடுங்கள். எண் இல்லையா, வாங்காதீர்கள்.

அப்புறம் அந்த மூன்று மாதக் கணக்கு. மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐஎஸ் 17088 தரத்துக்கான சோதனை, சுமார் 58 டிகிரி சூடும் ஈரமும் குறையாத உரச் சூழலில் நடப்பது. வைகைக் கரையில் கிடக்கும் கவருக்கு அந்தச் சூடு எங்கே கிடைக்கும்? நம்ம ஊர் சித்திரை வெயில்கூட அவ்வளவு அடிக்காது.

துணி மாதிரியே இருக்கும் நெய்யாத பையும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான். ஓரத்தைக் கொளுத்தினால் உருகிச் சுருளும், பருத்தி சாம்பலாகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையான 14 பொருள்களில் அதுவும் உண்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு.

பரோட்டாவுக்கு வாழை இலையும் பூச்சில்லாத பழுப்புத் தாளும் போதும். சால்னாதான் சிக்கல். தூக்குவாளி கொண்டு வருபவர்களுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றிப் பாருங்கள்.