கோரஸா ஃபேஸரா என்று கேட்டவனுக்குப் பதில் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் கிட்டார் நண்பர்கள் நடுவில் நடந்ததைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு கல்லூரிப் பையன், ஆறாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன், கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல்களில் கோரஸ், ஃபேஸர், ஃப்ளாஞ்சர் மூன்றில் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தான். என்ன கிட்டார், என்ன ஆம்ப், பேண்டில் யார் யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுமையாக எழுதியிருந்தான். அதற்கு நம் மூத்தவர் ஒருவர் கொடுத்த பதில்: "முதல்ல விரலுக்கு வேலை கொடு தம்பி. பெட்டிக்கு அப்புறம் கொடுக்கலாம்." கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சாயங்காலத்துக்குள் பையன் பதிவையே அழித்துவிட்டான்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் பேசாமல் கடந்து போங்கள். அவன் தனக்கு வாசிக்கத் தெரியுமா என்று உங்களிடம் கேட்கவில்லை. எந்த பெடல் என்று கேட்டான்.

"டோன் விரலில்தான் இருக்கிறது" என்ற வாக்கியத்தை நானும் மதிக்கிறேன். பிக் எந்தக் கோணத்தில் படுகிறது, இடது கை எவ்வளவு அழுத்துகிறது, ஒரு சுரத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பதெல்லாம் விரலில்தான் இருக்கிறது. ஆனால் கோரஸ் விரலில் இல்லை. கோரஸ் பெடல் உங்கள் சத்தத்தை ஒரு பிரதி எடுத்து, சுமார் 20 மில்லிசெகண்டு தாமதித்து, அந்தத் தாமதத்தையும் மெதுவாகக் கூட்டிக் குறைத்து, அசலோடு கலந்து தருகிறது. தாமதம் மாறும்போது பிரதியின் சுருதி துளி ஏறும், துளி இறங்கும். இரண்டு பேர் ஒரே பாட்டைச் சேர்ந்து வாசிக்கிற மாதிரி கேட்பது அதனால்தான். ஒரே ஆளின் எந்த விரல் இதைச் செய்யும்? நாற்பது வருஷம் சாதகம் செய்த விரலாலும் முடியாது.

இந்தத் தாமதத்தை உண்டாக்கும் சிப்பின் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். 1969-இல் பிலிப்ஸ் நிறுவனத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் உருவாக்கியது. தீப்பிடித்த வீட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுகிற மாதிரி, சத்தத்தைச் சின்னச் சின்ன மின்னூட்டமாக ஒரு கெப்பாசிட்டரிலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டே போகும். கைமாற்றும் வேகத்தை மாற்றினால் தாமதம் மாறும். 1975-இல் ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப் வந்தது. அதில் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். கோரஸ் போட்டால் ஒன்றில் அசல் சத்தம், மற்றதில் அசையும் சத்தம். இரண்டும் காற்றில்தான் கலக்கின்றன. அடுத்த வருஷம் அந்த மின்சுற்றை மட்டும் தனியாக எடுத்து சிஇ-1 என்று வெளியிட்டார்கள். ரோலண்டின் பாஸ் (Boss) என்ற பெயரில் வந்த முதல் எஃபெக்ட் பெடல் அதுதான். இவ்வளவு மூளை செலவழித்துச் செய்த ஒரு பொருளை "பெட்டி" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எப்படி மனசு வருகிறது?

சரி, அவனுடைய கேள்விக்கு வருகிறேன்.

அவனிடம் இருப்பது ஸ்ட்ராட் மாதிரி ஒரு கிட்டார், 15 வாட் பயிற்சி ஆம்ப். சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் இல்லை. ஆம்பிலேயே கெயினை ஏற்றி அந்தக் கரகரப்பை வரவழைத்துத்தான் வாசிக்கிறான். ஆம்புக்குப் பின்னால் எஃபெக்ட்ஸ் லூப்பும், அதாவது கெயினைத் தாண்டிய இடத்தில் பெடலைச் செருகும் வழியும், இல்லை. இவ்வளவையும் அவனே எழுதியிருந்தான். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. லூப் இல்லையென்றால் என்ன வாங்கினாலும் அது ஆம்புக்கு முன்னால்தான் உட்காரும். அதாவது அந்தக் கரகரப்புக்கு, டிஸ்டார்ஷனுக்கு, முன்னால். கோரஸை அங்கே வைத்தால் சுருதி சற்று விலகிய இரண்டு சத்தங்கள் ஒன்றாகக் கெயினுக்குள் போகும். முழு கார்டு அடித்தால் குழம்பிவிடும். அந்தக் குழப்பமே வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு, ஆனால் இவன் அதைக் கேட்கவில்லை.

ஃபேஸர் அந்த இடத்தில் நன்றாகவே உட்காரும். அது தாமதத்தை வைத்து வேலை செய்வதில்லை. சத்த அலையின் ஏற்ற இறக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை, அதாவது கட்டத்தை (phase), சில படிகளில் திருப்பி அசலோடு கலக்கிறது. சில அதிர்வெண்களில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளங்கள் மேலும் கீழும் நகர்கின்றன. நான்கு படி ஃபேஸரில் இரண்டே பள்ளம். எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 அந்த வகை. அதில் திருப்புவதற்கு ஒரே ஒரு நாப், வேகம் மட்டும். ராக் கிட்டார் மேதை எடி வான் ஹேலன் 1978-இல் வந்த முதல் ஆல்பத்தில் அதைத்தான் சூடான மார்ஷல் ஆம்புக்கு முன்னால் வைத்து வாசித்தார். அந்த ஆளிடமும் போய் "முதல்ல விரலுக்கு வேலை கொடு" என்று சொல்வீர்களா?

இன்னும் கேட்கிறேன். 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் யூனி-வைப் இருந்தது, அதுவும் ஃபேஸர் வகைதான். ஜப்பானில் ஷின்-ஈ நிறுவனத்தில் ஃபூமியோ மியேதா என்ற பொறியாளர் வடிவமைத்தது. உள்ளே சின்ன பல்பு ஒன்று மினுங்கும், சுற்றிலும் நான்கு ஒளியுணரிகள். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் 1973 ஆல்பத்தில் யூனி-வைப் பயன்படுத்தினார். எழுபதுகளின் கடைசியில் எலெக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் ஃப்ளாஞ்சருக்குப் போய்விட்டார். வாசிப்பு அதே வாசிப்புதான், பாட்டு வேறு கேட்டது, பெடலை மாற்றினார். போலீஸ் என்ற ராக் குழுவின் ஆண்டி சம்மர்ஸ் பளபளவென்று வாசித்ததைப் பாதிப் பேர் கோரஸ் என்றே நினைக்கிறார்கள். ஆரம்ப ஆல்பங்களில் பெரும்பாலும் அதுவும் எலெக்ட்ரிக் மிஸ்ட்ரஸ்தான். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் ஸ்மால் க்ளோன் என்ற கோரஸ் வைத்திருந்தார், ஒரு நாப், ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். இவர்கள் எல்லோரும் இந்தப் பையன் கேட்ட அதே கேள்வியை ஏதோ ஒரு நாள் யாரிடமோ, குறைந்தபட்சம் தங்களிடமே, கேட்டுத்தான் இருப்பார்கள்.

ஃப்ளாஞ்சரை ஏன் முதலில் வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அதன் தாமதம் மிகக் குறைவு, ஏறக்குறைய 1 முதல் 10 மில்லிசெகண்டு. பள்ளங்கள் சீப்பின் பல் போல வரிசையாக விழும். வெளியே வரும் சத்தத்தைத் திரும்ப உள்ளே விடும் ஃபீட்பேக்கை ஏற்றினால் விமானம் தலைக்கு மேல் போகிற சத்தம் வரும். அற்புதமான சத்தம்தான், ஆனால் ஒரு பாட்டில் ஒரு இடத்தில் வந்தால் போதும். நாலு நாப்பையும் புரிந்து திருப்பத் தெரிந்தால் கோரஸ் பக்கமும் கொண்டுவரலாம், அதற்குக் காது கொஞ்சம் பழக வேண்டும். முதல் பெடலாக அது சிரமம்.

இவ்வளவுதான். இதை எழுத அந்த மூத்தவருக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. என்னைவிடப் பல மடங்கு விஷயம் தெரிந்தவர் அவர்.

நான் டெல்டா பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்க ஆரம்பித்த காலத்தில், நகரத்தில் ஒரு கடைக்குப் போய் இதே கேள்வியைக் கேட்டேன். கண்ணாடிக்குள் இருந்த பெடலை எடுத்துக் காட்டக்கூட இல்லை. "ஸ்கேல் எல்லாம் வருமா?" என்றார் அங்கே இருந்தவர். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பஸ் ஏறி ஊர் வந்து சேரும்வரை முகம் சுட்டுக்கொண்டே இருந்தது. இப்போது எழுதும்போதும் கொஞ்சம் சுடுகிறது.

எங்கள் ட்ரூப்பில் லீட் வாசித்த அண்ணன் வேறு மாதிரி ஆள். ஒரு கல்யாண ரிசப்ஷன், சவுண்ட் செக் நேரம். அதே கேள்வியை அவரிடம் கேட்டேன். தன் கோரஸ் பெடலை ஆன் செய்துவிட்டு, "டேய் தம்பி, நீ கடைசி வரிசை நாற்காலிகிட்ட போய் நில்லு. நான் வாசிக்கிறேன். அங்க என்ன கேக்குதோ அதுதான் ஜனங்களுக்குக் கேக்கும்" என்றார். போய் நின்றேன். மேடையில் தேன் மாதிரி இருந்த சத்தம் அங்கே காணோம். கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் பிடித்தவுடன் கிட்டார் அதற்குள் போய் மூழ்கிவிட்டது. அசைவின் அளவை, டெப்த்தை, பாதிக்கும் கீழே இறக்கினார், அசையும் வேகத்தை, ரேட்டை, அதையும் குறைத்தார். கிட்டார் மெல்ல வெளியே வந்தது. "இங்க பிஏ மோனோடா, ஜனங்க பக்கம் இருக்கிற ஸ்பீக்கர் எல்லாத்துலயும் ஒரே சத்தம்தான். ஸ்டீரியோ விரிவெல்லாம் மேடையோட சரி. கீபோர்டு ஏற்கெனவே அலை மாதிரி அசையுது. நீயும் அசைஞ்சா ரெண்டு பேரும் இல்லாம போயிடுவீங்க" என்றார்.

கோரஸைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எதிலும் இவ்வளவு உபயோகமான விஷயம் இல்லை. அவர் என்னை முதலில் ஸ்கேல் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னார். அந்தப் பையனின் பேண்டிலும் கீபோர்டு இருக்கிறது, முழு நேரமும் பேட், அதாவது நீண்டு நிற்கும் பின்னணிச் சத்தம், பிடிக்கிறார் என்று அவனே எழுதியிருந்தான். கோரஸ் வேண்டாம், ஃபேஸர் வாங்கு என்று நான் சொல்வதற்கு அது இரண்டாவது காரணம். அவன் பதிவை ஒரு முறையாவது முழுதாகப் படித்திருந்தால் யாருக்கும் இது தோன்றியிருக்கும்.

இனி வரப்போகும் ஆட்சேபங்கள். மல்டி எஃபெக்ட்ஸ் ஒன்று வாங்கினால் எல்லாமே அதில் இருக்குமே என்பீர்கள். நியாயமான பேச்சு. அது ஒரு பதிலும்கூட, அதனால் மதிக்கிறேன். வீட்டில் ஹெட்போனில் பழக அது நல்ல வழி. ஆனால் ஐம்பது சத்தம் உள்ளே இருந்தாலும் இந்தப் பாட்டுக்கு எதை ஆன் செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும். அதோடு மேடையில் பாட்டின் நடுவில் குனிந்து மெனு தேட முடியாது. ஒரு நாப் பெடலைக் காலாலேயே திருப்பிவிடலாம்.

யூட்யூபில் ஆயிரம் டெமோ இருக்கிறதே, பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பீர்கள். அந்த டெமோவில் டிரம்ஸ் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா? ஒரு அறையில் ஒற்றை கிட்டார். தனியாகக் கேட்டால் எல்லா பெடலும் நன்றாகத்தான் இருக்கும்.

வாசிக்கத் தெரியாமல் பொருள் மேல் பொருள் வாங்கிக் குவிக்கிறார்களே, அதைத்தான் அவர் சொன்னார் என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். அப்படி வாங்குபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் யாரிடமும் கேட்டுக்கொண்டு வாங்குவதில்லை. இவன் ஒரே ஒரு பெடல் வாங்க மாதக்கணக்கில் காசு சேர்த்திருக்கிறான். தப்பாக வாங்கிவிடக் கூடாதே என்று பயந்து கேட்டிருக்கிறான். அவனைப் பிடித்து, குவிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வது என்ன நியாயம்?

பெரியவரை மரியாதை இல்லாமல் பேசுகிறாய் என்பது இன்னொன்று. அவர் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அவர் வாசித்த கச்சேரிகளை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். அவர் ரேட் நாப்பைப் பாட்டின் தாளத்தோடு ஒட்ட வைப்பதைப் பார்த்துத்தான் நானும் அப்படிச் செய்து பழகினேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. யாரோ முகம் தெரியாதவர் சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன். அவர் காலடியில் எத்தனை பெடல்கள் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு வேண்டியிருக்கிற பொருள் பையனுக்கு மட்டும் எப்படி வேண்டாததாகிவிடும்? மரியாதை மேலே மட்டும்தான் போக வேண்டுமா, கீழே வரவே கூடாதா?

நம் ஊரில் இந்தப் பழக்கம் பெடலோடு நிற்பதில்லை. மைக் வைக்கும் இடம் கேட்டால், மிக்ஸரில் எந்த சேனல் என்று கேட்டால், டியூனிங் கேட்டால், எதற்கும் முதலில் ஒரு தட்டு, பிறகுதான் பதில், அதுவும் மனசு வந்தால். ரிதம் வாசிப்பவனுக்குச் சத்தம் எதற்கு என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகிற இடத்தில் கார்டை மெல்லச் சுழலவிட்டால் பாடுபவர் எவ்வளவு இலகுவாக ஏறுவார் என்பது பாடுபவருக்குத் தெரியும். அப்படி வாசிக்கக்கூடிய எத்தனை பேர் இந்த மாதிரிச் சிரிப்புக்குப் பயந்து கேட்காமலேயே விட்டுவிட்டுப் போனார்கள் என்று யோசித்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

தம்பி, இதை நீ படித்தால், ஃபேஸர் வாங்கு. நான்கு படி, ஒரு நாப் போதும். புதிது எட்டாவிட்டால் பழையதாகத் தேடு, நேரில் போய் உன் ஆம்பிலேயே போட்டுக் கேட்டுவிட்டு வாங்கு. அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவா என்று பார்த்துக்கொள். வேகத்தை மெதுவாக வைத்து ஆரம்பி. ஓவர்டிரைவ் பெடல் வாங்கி, ஆம்பை க்ளீனாக வைத்துக்கொள்ளும் காலம் வந்தால், அதற்குப் பின்னால் வைக்க அப்போது கோரஸைப் பற்றிப் பேசலாம்.

மற்றவர்களுக்கு: நான் சொன்ன தேர்வு தப்பு என்று நினைத்தால் கீழே எழுதுங்கள், எந்த பெடல், எந்த ஆம்புக்கு, ஏன் என்று சொல்லி. வாதம் செய்ய நான் தயார், ராத்திரி முழுக்க வேண்டுமானாலும். "முதல்ல வாசிக்கக் கத்துக்கோ" என்று யார் எழுதினாலும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அந்தப் பின்னூட்டத்தை நீக்கிவிடுவேன்.