வாடகைக்கு அக்கவுண்ட் கேட்கிறார்கள், சார்

ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை காலை 11 மணிக்கு எங்கள் கல்லூரியில் சைபர் விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கும். நாடு முழுக்க அந்த நேரத்தில் நடத்தச் சொல்லி உத்தரவு. ‘சைபர் ஜாக்ரூக்தா திவஸ்’ என்று பெயர். எங்கள் பையன்கள் வாயில் அந்தப் பெயர் படும் பாடு தனிக்கதை. நான் வணிகவியல் வாத்தியார். கூடவே என்.எஸ்.எஸ். அலுவலர் என்பதால் மைக் செட், பேனர், சிறப்பு விருந்தினருக்குச் சால்வை எல்லாம் என் தலையில்தான்.

கூட்டத்தின் வரிசை எனக்கு மனப்பாடம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, நாற்பது ஸ்லைடு. ஓடிபியை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்கைத் தொடாதே, ஏமாந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேசு. அப்புறம் உறுதிமொழி, குரூப் போட்டோ. மறுநாள் அறிக்கை மேலே போய்விடும்.

போன தடவை கடைசி வரிசையிலிருந்து ஒரு மூன்றாம் ஆண்டுப் பையன் எழுந்தான். “சார், எங்க ஏரியால ஒரு அண்ணன் அக்கவுண்ட் கேக்குறாரு. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூணையும் குடுத்தா மாசம் அஞ்சாயிரம் தர்றேங்குறாரு. குடுக்கலாமா?” அரங்கமே சிரித்தது. விருந்தினரும் சிரித்துவிட்டு, “குடுத்தா உள்ள போயிடுவ தம்பி” என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். பையன் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். “நான் எனக்காகக் கேக்கல சார். எங்க கிளாஸ்ல ரெண்டு பேரு ஏற்கெனவே குடுத்துட்டானுங்க.”

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இத்தனை மாதமாக நாங்கள் நடத்திய பாடம் யாருக்கானது? ஓடிபி பாடம், கையில் பணம் வைத்திருப்பவனுக்கான பாடம். என் மாணவர்கள் கணக்கில் உதவித்தொகை விழுகிற வாரம் தவிர மற்ற நாளில் முந்நூறு ரூபாய்கூட இருக்காது. அவனிடம் திருட என்ன இருக்கிறது? திருடனுக்கு வேண்டியது அந்தக் கணக்கு. அப்புறம் அந்த சிம். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பையனே வேண்டும்.

கணக்கு எதற்கு என்பதை முதலில் சொல்கிறேன். எங்கோ ஒரு ஓய்வு பெற்ற அம்மாவை வீடியோ காலில் போலீஸ் மாதிரி பேசி, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டிப் பத்து லட்சம் பிடுங்குகிறார்கள் என்று வையுங்கள். அந்தப் பணம் நேராகத் தலைவனிடம் போகாது. முதலில் ஒரு மாணவன் கணக்கில் விழும். அங்கிருந்து நாலைந்தாகப் பிரிந்து வேறு கணக்குகளுக்கு ஓடி, கடைசியில் ஏடிஎம்மில் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ மாறிவிடும். எல்லாம் சில நிமிட வேலை. அந்த அம்மா 1930-க்குச் சொன்னதும் வங்கிகள் முடக்கத் தொடங்குவது முதல் கணக்கிலிருந்துதான். போலீஸ் முதலில் கதவைத் தட்டுவதும் அந்த முகவரியில்தான். 2024-ல் மட்டும் எல்லா வகை சைபர் மோசடியிலும் சேர்த்து இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மக்களவையில் அரசே சொன்னது. அத்தனை பணமும் யார் யார் கணக்கு வழியாகவோதானே நடந்து போயிருக்க வேண்டும்? கணக்கு வைத்திருப்பவர் யார் என்று வங்கி சரிபார்க்கிற கே.ஒய்.சி.யை நான் வருஷா வருஷம் இரண்டு மதிப்பெண் கேள்வியாக நடத்தி வருகிறேன். அது எதற்கு என்று ஒரு தடவைகூட உருப்படியாகச் சொன்னதில்லை. இது என் தப்பு.

இனி அந்தப் பையனே எதற்கு வேண்டும் என்பது. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது நினைவிருக்கலாம். தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்’ வேலை என்று ஐ.டி. தெரிந்த இளைஞர்களைக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மருக்குள் அடைத்து வைக்கிறார்கள் என்று அதில் இருந்தது. தமிழர்கள் ஐம்பது பேர் வரை அங்கே மாட்டியிருப்பதாக அதே மாதம் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் தொடக்கத்தில் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள்.

போகிற வழி கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ விளம்பரம். ஒரு வீடியோ இன்டர்வியூ, டைப்பிங் வேகம் எவ்வளவு என்று ஒரு சோதனை. பாங்காக் விமான நிலையத்தில் கார் வந்து நிற்கும். அங்கிருந்து சுமார் ஐந்நூறு கிலோமீட்டர் போனால் மே சோட். அது தாய்லாந்தின் எல்லை ஊர். நடுவில் மோய் ஆறு. அக்கரையில் மியான்மரின் மியாவாடி. ஆற்றைத் தாண்டியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் பெண் பெயரில் போலிக் கணக்கு வைத்துக்கொண்டு, முகம் தெரியாத யாரையோ மயக்கி கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். இலக்கு எட்டாவிட்டால் அடி, மின்சார ஷாக். திரும்பப் போக வேண்டுமானால் பணம் கட்டு, இல்லையென்றால் உன் இடத்துக்கு ஊரிலிருந்து ஆள் பிடித்துக் கொடு. கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே கதைதான். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டு மோசடி வேலையில் இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கணக்குச் சொன்னது. 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் கூட்டி வந்தார்கள்.

அந்த ‘ஆள் பிடித்துக் கொடு’ என்கிற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் பையனுக்கு வருகிற அழைப்பு முன்பின் தெரியாத ஏஜென்டிடமிருந்துதான் வரும் என்றில்லை. இரண்டு வருஷம் முன்னால் ஹாஸ்டலில் பக்கத்து ரூமில் இருந்த சீனியரிடமிருந்து வரலாம். “மச்சி, இங்க வா, செம சம்பளம்” என்று அவன் அனுப்பும்போது அவன் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று நமக்கு எப்படித் தெரியும்? தெரியாதவரை நம்பாதே என்று ஸ்லைடில் போட்டால் இந்த இடத்தில் அது செல்லாது.

இந்தச் செய்திகளுக்குக் கீழே முகநூலில் வருகிற கமெண்டுகளைப் பார்க்கிறேன். “பேராசை பெருநஷ்டம்”, “படிச்சவனுக்கு அறிவு வேணாமா”. எழுதியவர்களில் என் நண்பர்களும் உண்டு. பி.காம். முடித்துவிட்டு டவுனில் ஜவுளிக்கடையில் பன்னிரண்டாயிரத்துக்கு நிற்கிறவனிடம் அறுபதாயிரம் என்று சொன்னால் அவன் காதில் எப்படி விழும் என்று அவர்கள் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிடப் பெருந்தன்மையாக இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவில், ஆள் கடத்தல் என்று வந்துவிட்டால் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை என்று எழுதியிருக்கிறது. தானே டிக்கெட் எடுத்துப் போனவனும் கடத்தப்பட்டவன்தான். இது தெரியாததால்தான் திரும்பி வந்தவர்கள் வாயே திறப்பதில்லை. அவர்கள் பேசாவிட்டால் அடுத்த செட் கிளம்புகிறது.

சரி, மாணவர்களுக்குப் பயிற்சி என்றால் என்ன கொடுப்பது?

‘சைபர் வீரர்கள்’ என்று அடையாள அட்டை மாட்டிவிட்டு மோசடிக்காரர்களைத் துரத்தச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. டெலிகிராம் குரூப்பில் வேஷம் போட்டு நுழைந்து பிடித்துக் கொடுக்கிறேன் என்று கிளம்பும் பையன்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அது போலீஸ் வேலை, அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மாணவனால் ஆகிற காரியம் வேறு. கிளம்பப் போகிற நண்பன் முதலில் சொல்வது அவனிடம்தான். அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன கேட்பது, என்ன பார்ப்பது என்பதைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

உதாரணத்துக்கு, வேலைக்கு அழைக்கும் கடிதத்தைப் படிப்பது. ஆங்கிலத் துறைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, பாடத்தில் வருகிற பல கடிதங்களைவிட இது அவசரம். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். இரண்டு லட்சம் கேட்டால் அங்கேயே சட்டம் மீறியாயிற்று. டூரிஸ்டாகப் போய் இறங்கு, வேலை விசா பிறகு மாற்றிக்கலாம் என்றால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. இன்னொன்றும் உண்டு, பெற்றோர் பலருக்குத் தெரியாது. சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசிடம் ‘எமிக்ரேஷன் கிளியரன்ஸ்’ என்கிற அனுமதி வாங்க வேண்டும்; பத்தாவது பாஸ் என்றால் அது தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைத்துவிடும். அதனால் பத்தாவது முடிக்காமல் தாய்லாந்துக்கு வேலைக்கு என்று போகிற கொத்தனாரைச் சட்டப்படி நிறுத்திக் கேட்பார்கள், பட்டதாரியை அந்த வாசலில் யாரும் கேட்பதில்லை. படிப்புதான் காப்பாற்றும் என்று நாம் சொல்லி வளர்த்த பிள்ளைகள், இந்த ஒரு விஷயத்தில் படித்ததாலேயே ஒரு வேலி குறைவாகப் போகிறார்கள்.

மாணவிகள் பக்கம் வருகிற ஆபத்து வேறு மாதிரி. இன்ஸ்டாவில் பழகி, படம் வாங்கி, அதை வைத்து மிரட்டி வரவழைப்பது. இதை ஆண்கள் மைக்கில் பேசித் தீர்க்க முடியாது. கல்லூரிக்குள் நம்பிக்கையான ஒரு அக்காவோ மேடமோ இருக்க வேண்டும், போனை வாங்கிப் பார்த்தவுடன் வீட்டுக்குச் சொல்லிவிடாதவராக. சாட் மெசேஜ்களை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, நாம் சேர்ந்து புகார் கொடுக்கலாம் என்று சொல்ல அவருக்கும் பயிற்சி வேண்டும். மாணவர்களுக்கு முன்னால் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வகுப்பெடுக்க வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது.

அந்த இரண்டு பையன்களைப் பற்றிக் கேட்பீர்கள். கேள்வி கேட்டவனையே தூது அனுப்பினேன். ஒருவன் வந்தான். வங்கிக்குக் கூட்டிப்போய், கார்டையும் இணைய வசதியையும் முடக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிட்டு, அப்படியே சைபர் கிரைம் போலீஸுக்கும் நடந்ததை எழுதிக் கொடுத்தோம். அவன் கை நடுங்கியதில் கையெழுத்து வங்கியிலிருந்த மாதிரியோடு ஒத்துப்போகவில்லை, மூன்று தடவை போட வேண்டியிருந்தது. இன்னொருவன் ஒரு வாரமாகக் கல்லூரிக்கு வரவில்லை. போன் அடித்தால் அவன் அம்மாதான் எடுக்கிறார். “பெங்களூருக்கு ஏதோ இன்டர்வியூனு போயிருக்கான் சார், எதுவும் பிரச்சனையா?” என்று கேட்கிறார்.

பெங்களூர்தானா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.