ஸ்டேஷன் மாறியது சரி, தோள் மாறியதா?

தொழிற்சாலை ஒன்றின் பணிச் சுழற்சிக்கு விருது தந்த அந்தப் பாராட்டு விழாக் காணொளியை ஆளுக்கு ஒருமுறை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறோம், அதற்குப் பிறகும் வலிக்கிறது என்றால் அது நடிப்பு" என்கிறார் மேடையில் இருந்தவர். கீழே கைதட்டல் வேறு.

தட்டியவர்களில் ஒருவராவது கேட்டிருக்கலாம்: எந்த ஸ்டேஷனிலிருந்து (அசெம்பிளி லைனில் ஒருவர் நின்று ஒரு வேலையைச் செய்யும் இடம்தான் ஸ்டேஷன்) எந்த ஸ்டேஷனுக்கு மாற்றுகிறீர்கள்?

பணிச் சுழற்சியின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கி ஸ்க்ரூ முடுக்குபவரை, அடுத்த ஸ்டேஷனில் தலைக்கு மேல் கிளிப் மாட்டச் சொன்னால், அட்டவணையில் வேலை மாறியிருக்கும். தோளுக்கு எதுவும் மாறியிருக்காது. தோளுக்கு ஸ்டேஷன் நம்பர் தெரியாது ஐயா.

நான் லைனில் நின்றவன். என் முதல் ஸ்டேஷன் ஒயரிங் கனெக்டர். கட்டைவிரலால் அழுத்தினால் 'க்ளிக்' என்று உட்கார வேண்டும். அந்த இரைச்சலில் க்ளிக் காதில் விழாது, நகக்கண்ணில்தான் தெரியும். விரலில் டேப்பைச் சுற்றிக்கொண்டு அழுத்துவோம். அடுத்தது காற்றில் ஓடும் ஸ்க்ரூ கன். ஸ்க்ரூ இறுகி முடியும் நொடியில் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பும். மூன்றாவது ரப்பர் பிளக், மறுபடியும் அதே கட்டைவிரல். சூப்பர்வைசரின் பலகையில் மட்டும் மூன்று ஸ்டேஷனுக்கும் மூன்று நிறம், பார்க்க அழகாக இருக்கும். வீட்டுக்குப் போனால் வலது கையால் சட்டைப் பித்தானைக் கழற்ற முடியாது. நடிப்பு என்கிறீர்களே, அந்த நேரத்தில் யாருக்காக நடித்தேன்? சட்டைக்காகவா?

"அப்படியானால் சுழற்சியே வேண்டாம் என்கிறாயா?" என்று கிளம்பி வருவீர்கள். வேண்டும். கண்ணும் கவனமும் களைக்கும் வேலைக்குக் கட்டாயம் வேண்டும். கடிகார முள் எப்போதாவது இரட்டிப்பாகத் துள்ளுவதைக் கவனிக்கச் சொல்லி உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் செய்த சோதனை 1948 இல் வெளியானது. அரை மணி நேரம் கடந்ததுமே ஆட்கள் அதிகமாகக் கோட்டைவிட்டார்கள். தரச் சோதனையில் நிற்பவரை மாற்றுங்கள், நானே கைதட்டுகிறேன். ஆனால் கெட்ட ஸ்டேஷனை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் சுற்றவிட்டால், ஒருவருக்கு இருந்த கெடுதலை நான்கு பேருக்குப் பங்கு போட்டதாகத்தான் அர்த்தம். ஒருவர் எவ்வளவு கனம் தூக்கலாம் என்று கணக்கிட அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் தந்த சூத்திரம், எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோவைத் தாண்டுவதில்லை. அதைவிடக் கனத்தை முறை வைத்துத் தூக்கினால் கனம் குறைந்துவிடுமா?

முதலில் ஸ்டேஷனைத் திருத்த வேண்டும். 1974 இல் திறந்த வோல்வோவின் கால்மார் ஆலையில் காரையே 90 டிகிரி பக்கவாட்டில் சாய்த்தார்கள். காரின் அடிப்பக்க வேலைக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருக்கவில்லை. "அதை 1994 இல் மூடிவிட்டார்களே" என்று ஒரு மேதாவி நிச்சயம் எழுதுவார். மூடினார்கள். நிறுவனம் நஷ்டத்தில் தவித்த காலம் அது. காரைச் சாய்த்ததால்தான் கணக்கும் சாய்ந்தது என்று நிரூபித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

மூத்த தொழிலாளர்களே மாற விரும்புவதில்லை என்பது உண்மை. வருடக்கணக்கில் காத்திருந்து ஓர் எளிய ஸ்டேஷனைப் பிடித்தவர் ஏன் விடுவார்? அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, இருக்கட்டும். "பிடிக்காவிட்டால் போய்விடலாமே" என்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. ஃபோர்டு ஆலையிலிருந்து அப்படித்தான் போனார்கள். 1913 இல் அங்கே ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம், அதாவது ஓர் இடத்துக்கு ஒரே வருடத்தில் மூன்று முறைக்கு மேல் புது ஆள். மறு வருடம் தினக்கூலியை 5 டாலராக்கித்தான் ஆட்களை நிறுத்திவைக்க முடிந்தது. போனவர்கள் எல்லாரும் நடிகர்களா?

என்னைக் குடைவது 'நடிப்பு' என்ற அந்த ஒரு சொல்தான். இயந்திரத்தின் பேரிங் சத்தம் போட்டால் உடனே ஆள் ஓடுகிறது, கிரீஸ் வருகிறது, தேதி போட்டு எழுதிவைக்கிறார்கள். மனிதனின் தோள் சத்தம் போட்டால் மட்டும் அவன் யோக்கியதையை விசாரிக்கிறார்கள். மருத்துவ அறைக்குப் போகவே பலர் கூசுகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் போவதே இல்லை. போனால் மறுநாள் கேட்டில் பெயர் இருக்காது என்ற பயம். அப்புறம், எங்கள் லைனில் புகாரே இல்லை என்று இன்னொரு விழா.

விருது உங்களிடமே இருக்கட்டும். அந்தச் சுழற்சி அட்டவணையை வெளியிடுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எதிரே தோள், மணிக்கட்டு, கட்டைவிரல், இடுப்பு, எது உழைக்கிறது என்று எழுதிப் போடுங்கள். யார் நடிக்கிறார்கள் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.