பேராசையாம், விளங்காதாம்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருத்தன் ருமேனியாவில் வேலை என்ற பேஸ்புக் விளம்பரத்தை நம்பிக் காசைத் தொலைத்தான் என்று யாராவது பதிவு போட்டால் போதும். "பேராசை" என்று ஒரு கமெண்ட் வரும். "தோட்டத்துச் சனத்துக்கு எவ்வளவு சொன்னாலும் விளங்காது" என்று இன்னொன்று. அதை எழுதுகிறவர் பெரும்பாலும் எப்போதோ லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டுக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த நம்மாளாகத்தான் இருப்பார்!

2021இலிருந்து மூன்று வருடம் 1,000 ரூபாய் நாட்சம்பளத்தில் ஓட்டிய வீடுகள் இவை. அம்மா குவைத்தில், அண்ணன் புறக்கோட்டைக் கடையில். அந்த வீட்டுப் பிள்ளை வெளிநாடு போக நினைப்பதா பேராசை?

சரி, ஏமாற்று எப்படி நடக்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் தெரிந்த அரசியல்வாதியின் படம். கீழே "விசா கிடைச்சிருச்சு, நன்றி அண்ணா" என்று வரிசையாகக் கமெண்டுகள். எழுதியவர்களின் கணக்கைத் திறந்தால் பூட்டிய புரொபைல், ரோஜாப்பூப் படம். அந்தப் பக்கத்தின் வெளிப்படைத்தன்மைப் பகுதியில் பழைய பெயர்களும், எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்பதும் இருக்கும். சில நேரம் அது முன்பு சமையல் பக்கமாகவோ கிரிக்கெட் பக்கமாகவோ இருந்திருக்கும். ஆயிரக்கணக்கான லைக்கோடு பக்கத்தை வாங்கிப் பெயரை மாற்றிவிடுகிறார்கள். அப்புறம் வட்ஸ்அப் இலக்கம், மெடிக்கலுக்கு ஒரு தொகை, அது போன கையோடு எம்பசிக்கு என்று இன்னொரு தொகை. வீட்டு நகை அடகுக்குப் போவது இந்த இரண்டாவது தவணையில்தான்.

இந்த விளம்பரத்தை அந்தப் பிள்ளை தேடிப் போகவில்லை. பேஸ்புக் காசு வாங்கிக்கொண்டு அவன் கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது. ஒருமுறை தொட்டுப் பார்த்தவனுக்குத் திரும்பத் திரும்ப அதே மாதிரி விளம்பரங்களைக் காட்டவும் செய்யும். 2025 நவம்பரில் ரொய்ட்டர்ஸ், பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் உள் ஆவணங்களை வைத்து ஒரு செய்தி வெளியிட்டது. மோசடி விளம்பரங்களும் தடைசெய்யப்பட்ட பொருள் விளம்பரங்களும் 2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதத்தை, அதாவது 16 பில்லியன் டொலரை, கொண்டுவரும் என்று நிறுவனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டிருந்தார்களாம். விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் தடை. அதற்குக் கீழே சந்தேகம் என்றால் கூடுதல் கட்டணம்! அந்தக் கணக்கு தோராயமானது, மிகைப்பட்டது என்று மெட்டா பதில் சொன்னது. மிகைதான் என்றே வைத்துக்கொள்வோம். பாதியாக இருந்தாலும் 8 பில்லியன். படிக்காத சனம் என்று நம்மைச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் படிக்கலாம்.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்கலாம். கட்டாயம் கேளுங்கள். ஆனால் காசு போன பிறகு பொலிசுக்குப் போகிறவன் எதைக் காட்டுவான்? பக்கம் மறைந்திருக்கும். ஓடும் விளம்பரங்களை யாரும் தேடிப் பார்க்க மெட்டா வைத்திருக்கும் விளம்பர நூலகத்தில் அரசியல் சாராத விளம்பரம் ஓடும்வரைதான் நமக்குத் தெரியும், நிறுத்தியதும் காணாமல் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் காட்டிய விளம்பரத்தையோ ஒரு வருடம் வைத்திருக்கிறார்கள். அங்கே சட்டம் கேட்கிறது, அதனால் வைக்கிறார்கள். இங்கே 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். யார் என்ன எழுதலாம் என்பதில் காட்டிய அக்கறையை, யார் காசு கட்டி எதை விளம்பரம் செய்தார்கள் என்ற பதிவேட்டில் காட்டவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் நம்முடைய டைம்லைனில் விளம்பரம் ஓட்டத் தெரிந்த நம் எம்பிமார், அந்த ஒரு வருட விதியை இங்கேயும் கேட்கட்டும்.