கூலி மனப்பான்மையாம்!

ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் ஒரு பேச்சாளர் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பேச்சின் காணொளியைச் சபை வாட்சாப் குழுவில் போட்டு, கீழே வரிசையாக ‘ஆமென்’ விழுவதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

வேலையில் மகிழ்ச்சியும் நோக்கமும் காண்பது எப்படி என்று பேசக் கோலாலம்பூரிலிருந்து வந்தவர் அவர். நல்ல தலைப்பு, நன்றாகவும் பேசுகிறார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெஸ்தாரி ஜெயாவில், பாதிப் பேர் செம்பனை (பாமாயில் மரம்) காட்டில் வேலை செய்கிற ஒரு சபையில் நின்றுகொண்டு, “கூலி மனப்பான்மையை விட்டு வெளியே வாருங்கள், கர்த்தர் உங்களுக்கு இதைவிடப் பெரிய நோக்கம் வைத்திருக்கிறார்” என்றால்? இதைவிட என்றால் எதைவிட, ஐயா?

என் அம்மா முன்வரிசையில் இருந்தார். பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்து, எங்களைப் படிக்க வைத்தவர். அவரும் சேர்ந்து கை தட்டினார். எனக்குத் தாங்காமல் போனது அதுதான்.

வேலையில் கர்த்தருடைய அழைப்பு உண்டு என்றால் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும் உண்டு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆண்டவரே தச்சு வேலை செய்தவர். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தார். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்கிற கொலோசெயர் 3:23ஐப் பேச்சாளரும் திரையில் பெரிதாகப் போட்டார். அதற்கு முந்தின வசனத்தையும் போட்டிருக்கலாம். அது யாருக்கு எழுதினது என்று அதில் இருக்கிறது: வேலைக்காரருக்கு. அந்தக் காலத்தில் அப்படியென்றால் அடிமை. மேனேஜர் இல்லை.

அம்மா இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போவார். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. அம்மா வெட்டிய மரத்தில் காயம் இருக்காது. வேலையை மேற்பார்க்கிற தண்டலே மற்றவர்களைக் கூட்டி வந்து காட்டுவார். “எனக்குப் பிறகும் ஒருத்தர் இந்த மரத்தை வெட்டணும்ல” என்பார் அம்மா. இதற்குப் பெயர் கூலி மனப்பான்மையா?

நான் செம்பனை ஆலையில் லாரி எடை போடுகிறவன். பழத்தோடு வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டுப் போகும்போது ஒரு எடை; இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழத்தின் எடை. ஒருநாள் ஒரு லாரிக்காரர் வண்டிக்கு அடியில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஏறினார். திரும்பும்போது தொட்டி காலி, எடை மேடைவரை தரையெல்லாம் ஈரக்கோடு. “பார்க்காத மாதிரி இரு தம்பி” என்று எடைச் சீட்டுக்கு அடியில் 50 வெள்ளியை (ரிங்கிட்) வைத்து நீட்டினார். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகளில் சின்ன வயதில் படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கம்பெனி எனக்கு மாலை போடவில்லை, அந்த லாரிக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தியதுதான் மிச்சம். ஆனால் அன்று மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் பாடிக்கொண்டே போனேன். அந்த மகிழ்ச்சிக்கு எந்தக் கருத்தரங்கும் தேவைப்படவில்லை.

“அப்போது நம் பிள்ளைகள் தோட்டத்திலேயே கிடக்கணுமா?” என்று வருவீர்கள், தெரியும். யார் சொன்னது? என் மகள் படிக்கட்டும், டாக்டராகட்டும். பாட்டி செய்தது அர்த்தமில்லாத வேலை என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகவேண்டாம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது நம் பக்கத்துத் தென்னமரம் என்கிற தோட்டத்தில்தான். அதைப் போட்ட பிரெஞ்சுக்காரத் துரையின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. குழி வெட்டியவர்கள் பெயர் எங்கே? அவர்களுக்கெல்லாம் கர்த்தர் நோக்கமே வைக்கவில்லையா?

“ஊழியக்காரரைக் குறை சொல்லலாமா?” முழு வசனத்தையும் வாசியுங்கள் என்பது குறை என்றால், சரி, குறைதான்.

ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார்: “அண்ணே, சம்பளமே பத்தல, மகிழ்ச்சி எங்கேர்ந்து வரும்?” இது ஒன்றுதான் கேட்கவேண்டிய கேள்வி. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. அதில் வீட்டு வாடகை, பள்ளி பஸ், கடைக்கடன் எல்லாம் போக என்ன நிற்கும்? விசுவாசம் சம்பளத்துக்குப் பதில் இல்லை தம்பி. வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. எஜமான்கள் நியாயமாகக் கொடுக்கவேண்டும் என்று அதே கொலோசெயர் 4:1 சொல்கிறது. இதையெல்லாம் யாரும் திரையில் போடமாட்டார்கள். போட்டால் காணிக்கை குறையுமோ என்னவோ.

சாட்சி நேரத்தையும் பார்க்கிறேனே. பதவி உயர்வு, புதுக் கார், சிங்கப்பூரில் வேலை. கைதட்டல். முதுகு வலியோடு உதிரிப்பழத்தை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சாக்கில் போட்டு, பொய்க் கணக்குச் சொல்லாமல் வீடு திரும்புகிற ஒருவர் கையில் என்றாவது மைக் போயிருக்கிறதா? நாற்காலி அடுக்கத்தானே கூப்பிடுகிறோம் அவர்களை?

இதே தலைப்பில் அடுத்த கூட்டம் சனிக்கிழமை காலை 9 மணிக்காம். வேலையைப் பற்றிப் பேச நல்ல நேரம் பார்த்தார்கள்! நான் அப்போது எடை மேடையில் இருப்பேன், குலை வெட்டுகிறவர்கள் காட்டில் இருப்பார்கள். போகிறவர்கள் யாராவது குறிப்பு எடுத்து அனுப்புங்கள்.