நான்காவதும் ஐந்தாவதும்

(கடலூர், தேவனாம்பட்டினம் சில்வர் பீச், மாலை ஐந்தரை மணி. சிமெண்ட் பெஞ்சில் கலியபெருமாள்: வயது 56, உயரம் 165 சென்டிமீட்டர், எடை 94 கிலோ, திருப்பாதிரிப்புலியூரில் பாத்திரக்கடை. சட்டைக்கு மேலேயே இடுப்புப் பட்டை அணிந்திருக்கிறார். வலது ஷூவின் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் அவருடைய அக்கா சரோஜா, ஓய்வு பெற்ற செவிலியர். தம்பியின் முதுகைப் பற்றித் தம்பியைவிடத் தமக்கே அதிகம் தெரியும் என்பது அவர் எண்ணம். அது தவறும் அன்று.)

சரோஜா: கயிறு அவிழ்ந்து கிடக்கிறதே, கட்டிக்கொள்ளக் கூடாதா?

கலியபெருமாள்: குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், அக்கா. இடுப்பில் நான்காவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே மெத்தை போல் உள்ள டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். ஆகவே இரத்த சொந்தம் யாரேனும் கட்டிவிடுவதே முறை.

சரோஜா: காலையில் கண் விழித்தவுடன் மொட்டை மாடியில் கால் விரலைத் தொடப் போய், தொட முடியாமல் "முருகா" என்று நீ அலறியதைப் பால்காரர் வந்து சொன்னாரே, அது யாருடைய முதுகு?

கலியபெருமாள்: அது உடற்பயிற்சி. தொந்தியை மடக்கி மடக்கி எழுந்தால் தொந்தி கரையும் என்று கைப்பேசியில் ஒரு பையன் சொன்னான்.

சரோஜா: மடக்குகிற இடத்தில் கரைவதற்கு அது என்ன வெல்லப்பாகா? இரவெல்லாம் படுத்திருக்கையில் டிஸ்க் நீரை இழுத்து, ஊறிய உளுந்து போல் உப்பியிருக்கும். அதனால்தான் காலையில் எவரும் மாலையைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருக்கிறார்கள். அந்த நேரத்தில் போய்க் குனிந்தால் பிதுங்கியது இன்னும் பிதுங்கும். எழுந்து ஒரு மணி நேரமாவது குனிகிற வேலையே வைத்துக்கொள்ளாதே.

கலியபெருமாள் (விரல் விட்டுக் கணக்குப் போட்டு): அப்படியென்றால், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பிஎம்ஐ எனக்கு மாலையில் 34.5, அதையே காலையில் அளந்தால் 33.9தான். படுத்தபடியே இளைத்திருக்கிறேனே!

சரோஜா: 25ஐத் தொட்டாலே நம் நாட்டுக் கணக்கில் உடல் பருமன். நீ அதற்கு மேல் மாடி கட்டி, வாடகைக்கும் விட்டிருக்கிறாய். சரி, இன்று எங்கே நடந்தாய்?

கலியபெருமாள்: மணலில், முக்கால் மணி நேரம், ஒரே மூச்சில்.

சரோஜா: மணலில் கால் புதையப் புதைய இடுப்பு கோணும். சமமான சாலையில், பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நட. வலி இடுப்போடு நின்றால் வேகத்தைக் குறைத்துக்கொள். தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடு. காலில் இருந்த வலி மேலேறி இடுப்போடு சுருங்கினால், அது நல்ல அறிகுறி.

கலியபெருமாள்: வலி ஏற வேண்டும், எடை இறங்க வேண்டும். எனக்கு இரண்டும் தலைகீழாகவே நடக்கின்றன.

சரோஜா: விளையாட்டை விடு, இதை மட்டும் காதில் வாங்கிக்கொள். சிறுநீர் பிரியாமல் போனாலோ, அடக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டுவிட வேண்டும்.

கலியபெருமாள்: சரி, அக்கா. (அன்று அவர் எதிர்ப்பேச்சுப் பேசாத ஒரே இடம் இதுதான்.)

சரோஜா: பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்ததைச் செய்கிறாயா? மண்டியிட்டுக் கையூன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவாயே?

கலியபெருமாள்: நீட்டினேன். பேரன் "யானை, யானை" என்று முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அதற்குத் தண்ணீர் மேல் அல்லவா? அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டும், மிதந்து வந்து நம் ஊரில்தானே கரையேறினார்!

சரோஜா: அவருக்கு நமச்சிவாயம் துணை, உனக்குத் துணை அந்தப் பஜ்ஜிக் கடை. மருத்துவர் சம்மதித்தால் நீச்சல் குளத்தில் நெஞ்சளவு நீரில் நட. முதுகின் மேல் இறங்கும் பாரம் பெரும்பகுதி குறையும். ஆனால் நடை முதுகுக்கு. எடை குறைவது சாப்பாட்டுத் தட்டில்தான். முக்கால் மணி நேரம் நடந்தால் உனக்கு இருநூறு சொச்சம் கலோரி செலவாகும், அதை இரண்டு பஜ்ஜியும் ஒரு சர்க்கரை டீயும் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறக்குறைய 7,700 கலோரி. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே பெரிது... அது என்ன, பட்டையில் எண்ணெய்க் கறை?

கலியபெருமாள்: வலித் தைலம், அக்கா.

சரோஜா: தைலத்தில் ஓமம் மணக்கிறதே! போகட்டும், காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்து, முதுகு வளையாமல் கயிற்றைக் கட்டு.

(அவர் காலைத் தூக்குகிறார். பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருந்து, எண்ணெயில் ஊறிக் கண்ணாடி போலாகிவிட்ட செய்தித்தாள் பொட்டலம் ஒன்று நழுவித் தரையில் விழுகிறது. இருவரும் அதைப் பார்க்கிறார்கள். ஒரு நாயும் பார்க்கிறது.)

கலியபெருமாள்: சூட்டு ஒத்தடம்...

(நாய் ஓரடி முன்னே வைக்கிறது. கலியபெருமாள் ஒரு காலைப் பின்னே வைத்து, பெஞ்சைப் பிடித்து, ஒற்றை முழங்காலில் இறங்கி, முதுகு கோடு போட்டது போல் நிமிர்ந்திருக்க, பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்து எழுகிறார். பிசியோதெரபிஸ்ட் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.)

சரோஜா: அடப்பாவி, இத்தனை அழகாகக் கீழே இறங்கி எழத் தெரிந்தவனுக்கா நான் கயிறு கட்ட வேண்டும்? (பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்து) எத்தனை வாங்கினாய்?

கலியபெருமாள்: ஐந்து. முதல் மூன்றும் அதனதன் இடத்துக்குப் போய்விட்டன, அக்கா. நான்காவதும் ஐந்தாவதும்தான் பிதுங்கிவிட்டன.